ஃபார்னெசினா சுவரோவியத்தின் பழைய அச்சு: வாங்கியது ராஃபேலையா, வெறும் படியையா?

வெண்காகிதம்

வணக்கம். வேலை நிமித்தமாக இத்தாலியில் இருக்கிறேன். போன ஞாயிறு பழம்பொருள் சந்தையில் ஒரு அச்சுத்தாள் வாங்கினேன். மேகத்தின் மேல் மூன்று பெண்கள். அவர்களில் ஒருத்தி நமக்கு முதுகு காட்டியிருக்கிறாள். பக்கத்தில் சிறகு முளைத்த இளைஞன் கீழே எதையோ சுட்டிக் காட்டுகிறான். படம் முழுவதும் தலைகீழான முக்கோணத்துக்குள் அடங்கியிருக்கிறது. அடியில் லத்தீன் வரிகள். ராஃபேல் என்ற பெயரும் டோரிஞி என்ற பெயரும் மட்டும் எனக்குப் பிடிபடுகின்றன.

விற்றவர் "முந்நூறு வருடத்துப் பழசு, அசல்" என்று அடித்துச் சொன்னார். அறைத் தோழரோ ஒரே பார்வையில் "ஜெராக்ஸ்" என்று முடித்துவிட்டார். இருவரில் யார் சொல்வது சரி? அதைவிட முக்கியமான கேள்வி: எங்கேயோ சுவரில் இருப்பதைப் பார்த்துச் செதுக்கிய படத்தைச் சட்டம் போட்டு மாட்டினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்களா?

ஆலடி

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், மாட்டுங்கள். படம் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உளிச்சுவடு

நண்பரே, நீங்கள் வர்ணிப்பது ரோமில் வில்லா ஃபார்னெசினாவின் சைக்கி மண்டபத்தில் உள்ள காட்சி. காதல் தேவன் கியூபிட் தன் காதலி சைக்கியை மூன்று அழகுத் தேவதைகளுக்குச் சுட்டிக் காட்டுகிறான். முக்கோணம் வந்ததற்கு வளைவுக் கூரைதான் காரணம். இரண்டு வளைவுகள் இறங்கிச் சேரும் இடத்தில் அப்படித்தான் இடம் கிடைக்கும். வில்லாவைக் கட்டுவித்தவர் அகோஸ்டினோ கீஜி, சியெனாக்காரர், போப்பாண்டவருக்கே கடன் கொடுத்த வட்டிக்கடைப் பெருந்தனக்காரர். மண்டபத்தை 1517, 1518 ஆண்டுகளில் மறுமலர்ச்சிக் கால இத்தாலிய ஓவியர் ராஃபேலின் பட்டறை தீட்டியது. நிக்கொலா டோரிஞி ரோமில் பல ஆண்டுகள் இருந்த பிரெஞ்சுக்காரர். இந்த மண்டபத்தின் ஓவியங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி 1693-இல் ஒரு தொகுதியாக வெளியிட்டார்.

ஆகவே தகட்டின் வயது ஏறக்குறைய விற்றவர் சொன்னதுதான். தாளின் வயது வேறு சமாச்சாரம். மூன்று சோதனைகள் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கி, நிழல் அடர்ந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒழுங்காக அணிவகுத்த புள்ளிகள் தெரிந்தால் தோழர் ஜெயித்தார். அது இயந்திர அச்சு. கோடுகள் கோடுகளாகவே தெரிந்து, நடுவில் தடித்து நுனியில் ஊசிபோல் மெலிந்தால் செதுக்குளியின் வேலை. மை தாளுக்கு மேல் மிக மெல்லிய வரம்பாக எழும்பி நிற்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது, படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூன்றாவதாக, தாளை ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமான இணைகோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும், இடைவெளி விட்டு வரும் கோடுகளும் தெரிந்தால் அது கம்பிச் சல்லடையில் வார்த்த பழைய தாள். கோடே இல்லாமல் சமமாகத் தெரிந்தால் நெய்த சல்லடைத் தாள். அந்த வகை ஐரோப்பாவில் புத்தகத்துக்கு வந்ததே 1757-இல்தான். 1693-இல் இழுத்த அச்சு அதில் இருக்க வழியில்லை.

பள்ளம் இருப்பதாலேயே பழசு என்று துள்ளிவிடவும் வேண்டாம். 1870-களில் பாரிஸின் அமான்-துரான் ஒளிப்பட முறையில் செப்புத் தகடு தயாரித்து, பழைய செதுக்குகளை அப்படியே மறுபடி அச்சிட்டார். அதிலும் பள்ளம் உண்டு, மை எழும்பலும் உண்டு. நல்லவேளையாகப் பின்பக்கத்தில் தம் முத்திரையைக் குத்தி வைத்தார்.

வெண்காகிதம்

நன்றி ஐயா. லென்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சுண்ணப்பூச்சு

முதல் கேள்விக்கு உளிச்சுவடு ஐயா பதில் சொல்லிவிட்டார். இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன், கசப்பாகத்தான் இருக்கும். பழைய சுவர்களைச் செப்பனிடுவது என் தொழில். ஃபார்னெசினாவை நேரில் பார்த்திருக்கிறேன். இந்த அச்சுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அதே வில்லாவில் பக்கத்து அறையில் ராஃபேலின் கடல்தேவதை கலாத்தியா இருக்கிறாள். சிப்பித் தேரில் நிற்கிறாள், டால்பின்கள் இழுக்கின்றன, மேலே மன்மதர்கள் அம்பு தொடுக்கிறார்கள். மார்கன்டோனியோ ரைமோண்டி செதுக்கிய அச்சு வழியாகத்தான் ஐரோப்பா முழுவதும் அவளைத் தெரிந்துகொண்டது. சரி. அந்த அச்சைப் பார்த்து, அவள் யாரைவிட்டு விலகிப் போகிறாள் என்று சொல்லுங்கள் பார்ப்போம். முடியாது. சுவரில் அவளுக்கு இடப்புறம் அடுத்த கட்டத்திலேயே செபாஸ்தியானோ தெல் பியோம்போ தீட்டிய ஒற்றைக்கண் பூதம் பாலிஃபிமஸ் உட்கார்ந்திருக்கிறான். அவள் கிடைக்காத ஏக்கத்தில் அவளிருக்கும் பக்கமே பார்த்திருக்கிறான். இரண்டு ஓவியர்கள், இரண்டு கட்டங்கள், நடுவில் ஒரு கதை. ஓவியம் நடப்பதே அந்த இடைவெளியில்தான். அச்சு என்ன செய்தது? அழகான பெண்ணை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சைக்கி மண்டபமும் அப்படியே. அது தோட்டத்தைப் பார்த்துத் திறந்திருந்த மண்டபம். கூரையை ஒரு கொடிப்பந்தலாகப் பாவித்து, ஜொவான்னி தா உதினே பழமும் பூவும் காயும் தொடுத்த தோரணங்களை வளைவுதோறும் தொங்கவிட்டார். தாவரவியலாளர்கள் 160-க்கு மேற்பட்ட தாவர இனங்களை அதில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மக்காச்சோளக் கதிர் கூட இருக்கிறது! கொலம்பஸ் போய் வந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. தோட்டத்துப் பச்சை கூரைக்கு ஏறி, அங்கிருந்து தேவர்கள் இறங்கி வருவதுபோல் அமைந்த இடம் அது. கறுப்பு மையில் அந்தப் பச்சைக்கு என்ன வழி? மூன்று மீட்டர் உயரச் சுவரை நாற்பது சென்டிமீட்டர் தாளில் சுருக்கிக் கொடுத்துவிட்டு ராஃபேல் என்று எழுதுவது பெரிய துணிச்சல்.

ஆலடி

மக்காச்சோளம் இருப்பது எனக்குப் புதிய செய்தி. இனி அங்கே போகிறவர்கள் தேவர்களை விட்டுவிட்டுக் காய்கறியைத் தேடப்போகிறார்கள்.

உளிச்சுவடு

சுண்ணப்பூச்சு அண்ணாவின் கோபம் நியாயமானதே. ஆனால் அவர் எதை அசல் என்று வைத்துக்கொண்டு கோபப்படுகிறார் என்பதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

சைக்கி மண்டபத்தில் ராஃபேலின் கை எவ்வளவு? உருவங்களில் பெரும்பகுதி ஜூலியோ ரோமானோவும் ஜான்ஃபிரான்செஸ்கோ பென்னியும் தீட்டியவை. தோரணம் உதினேயுடையது என்று நீங்களே சொன்னீர்கள். 1518-இல் மறைப்பு நீக்கியபோது ரோமில் எல்லோரும் கைதட்டிவிடவில்லை. 1519 புத்தாண்டு நாளன்று லியோனார்தோ செல்லாயோ, மைக்கலாஞ்சலோவுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு பெரிய கலைஞனுக்கு இது அவமானம் என்ற பொருளில் வெளுத்து வாங்கியிருக்கிறார். அவர் ராஃபேலின் போட்டியாளரான மைக்கலாஞ்சலோவின் கட்சிக்காரர், கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் அது கூரை முடிந்த சூட்டிலேயே எழுதிய கடிதம்.

பிறகு கூரை பழுதடைந்தது. 1693-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்லோ மராத்தா அதைச் செப்பனிட்டார். பிரிந்துவந்த பூச்சை ஆணியடித்து நிறுத்தினார், பின்னணி வானத்துக்குப் புதிதாக நீலம் பூசினார். பின்னால் வந்தவர்கள் அந்த நீலத்தோடு மல்லுக்கு நின்றது தனிக்கதை. ஆக, சுவரில் நீங்கள் கண்டது மாணவர் கை, மேலே மராத்தா கை, அதற்கும் மேலே இருபதாம் நூற்றாண்டின் கை.

ராஃபேல் உண்மையில் கைப்படச் செய்தது வரைபடத்தை. ஒரு படி சுவருக்குப் போனது, ஜூலியோ தீட்டினார். இன்னொன்று மார்கன்டோனியோவிடம் போனது, அவர் செதுக்கினார். சுவரும் அச்சும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றின் நகல் என்று எப்படிச் சொல்வீர்கள்?

சுண்ணப்பூச்சு

> சுவரும் அச்சும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆதாரம்? அவர் சுவரைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்துத்தான் செதுக்கினார் என்று எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே ரோமில்தானே இருந்தன.

உளிச்சுவடு

பர்னாசஸ். வாடிகனில் இரண்டாம் ஜூலியஸ் போப்பின் நூலகமாக இருந்த அறையில் ஜன்னலைச் சுற்றி ராஃபேல் தீட்டிய கவிஞர் மலை. கலைகளின் தேவன் அப்போலோ நடுவில் வீற்றிருக்கிறான், கலைத்தேவியர் சூழ்ந்திருக்கிறார்கள், குருட்டு ஹோமர் பாடுகிறார், தாந்தே நிற்கிறார். மார்கன்டோனியோவின் அச்சும் சுவரும் எங்கள் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பல நாள் கிடந்திருக்கின்றன. மாணவர்களிடம் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்வேன்.

முதலில் அகப்படுவது அப்போலோவின் கைதான். சுவரில் அவன் வில்லால் இழுத்து வாசிக்கும் நரம்புக்கருவியை வைத்திருக்கிறான். ராஃபேல் காலத்து இத்தாலியப் பாடகர்கள் கையில் இருந்த அதே கருவி. அச்சில் அவன் கையில் இருப்பது பழங்கிரேக்க யாழ். அடுத்தது வானம். அச்சில் குட்டி மன்மதர்கள் மாலைகளோடு பறக்கிறார்கள். சுவரில் அப்படி ஒருவர்கூட இல்லை. மரங்கள், உருவங்களின் நெருக்கம், முகங்கள் எல்லாமே வேறு. ஆனால் அடியில் ஜன்னல் வரும் இடத்தை விட்டுவைத்து, அங்கே 'ராஃபேல் வாடிகனில் தீட்டியது' என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்!

செதுக்கியவர் சுவரைப் பார்த்தே வேலை செய்திருந்தால் இவ்வளவு தூரம் விலகியிருக்க முடியாது. ராஃபேல் சுவருக்குத் திட்டமிட்டுப் பின் கைவிட்ட முந்தைய வரைபடம் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அதாவது ராஃபேலின் முதல் யோசனையை நாம் பார்ப்பது அச்சில்தான். சுவரில் இருப்பது அவர் மாற்றிக்கொண்ட யோசனை. தகடுகளையும் அச்சு வியாபாரத்தையும் கவனித்துக்கொண்டது ராஃபேலின் ஆளான பவியேரா. ஆகவே இது ராஃபேலுக்குத் தெரியாமல் நடந்த திருட்டும் அல்ல.

சுண்ணப்பூச்சு

சரி, பர்னாசஸ் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ராஃபேல் வாடிகனில் தீட்டியது' என்ற வரி அந்தக் கணக்கில் சுத்தப் பொய் ஆகிறது என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் வாடிகனில் தீட்டாததைக் காட்டிவிட்டுத் தீட்டியதாக எழுதியிருக்கிறார்கள். ரோமுக்கே வராதவன் ஆன்ட்வெர்ப்பில் உட்கார்ந்துகொண்டு போப்பின் அறையில் யாழ் இருப்பதாக நம்பியிருப்பான்.

ஆலடி

மானே என்ற பிரெஞ்சுக்காரர் 1863-இல் புல்வெளி விருந்து என்று ஒரு படம் வரைந்து பெரிய ரகளை ஆனதே, அதில் உட்கார்ந்திருப்பவர்களின் நிலை ராஃபேலின் சுவரோவியம் ஒன்றின் அச்சிலிருந்து எடுத்தது என்று படித்தேன். இந்த மார்கன்டோனியோதானா?

உளிச்சுவடு

அவரேதான், ஆனால் சுவரோவியம் அல்ல. 'பாரிஸின் தீர்ப்பு' (பாரிஸ் இங்கே ஊர் அல்ல, கிரேக்கக் கதையின் இளவரசன்) என்ற அந்தப் படம் எந்தச் சுவரிலும் இருந்ததில்லை. ராஃபேல் அச்சுக்கென்றே வரைந்து கொடுத்தார், மார்கன்டோனியோ செதுக்கினார். வலது மூலையில் ஈரம் சொட்ட உட்கார்ந்திருக்கும் ஆற்றுத் தேவர்களையும் நீர்மகளையும்தான் மானே கோட்டும் தொப்பியும் போட்டு உட்காரவைத்தார். நீர்மகளுக்கு மட்டும் எதுவும் போடவில்லை, ரகளை அதனால்தான்.

தேன்மொழி_வ

பீங்கான், மண்பாண்டம் பக்கம் வேலை செய்பவள் நான். உங்கள் இருவரின் சண்டையில் நடுவே நுழைகிறேன், மன்னிக்கவும்.

இந்த அச்சுகளை வாங்கியவர்கள் எல்லோரும் ராஃபேலைத் தேடி வாங்கியவர்கள் அல்லர். ஊர்பினோவில் தட்டு தீட்டிய பிரான்செஸ்கோ சாந்தோ அவெல்லிக்கு இவை கச்சாப்பொருள். மார்கன்டோனியோவின் அச்சிலிருந்து ஓர் உருவம், வேறொரு அச்சிலிருந்து இன்னொன்று என்று பிய்த்தெடுத்து, பெயர் மாற்றி, தம் கதைக்கு வேண்டியபடி மண்தட்டில் சேர்த்துவிடுவார். பர்னாசஸில் கலைத்தேவியாக இருந்தவள் இவர் தட்டில் வேறு யாரோவாக வந்து நிற்பாள். பிரான்சில் ஃபான்டென்புளோ அரண்மனையில் அச்சுக்கலைஞர் ஃபான்டுத்சி இன்னும் ஒருபடி மேலே போனார். அங்கே பிரான்சுவா மன்னரின் கூடத்தில் ஓவியர் ரோஸ்ஸோ செய்த சுதை அலங்காரச் சட்டங்களை அச்சிட்டார். நடுவில் இருந்த ஓவியத்தை எடுத்துவிட்டு அங்கே ஏதோ ஒரு இயற்கைக் காட்சியைப் போட்டார். தச்சனுக்கும் பொற்கொல்லனுக்கும் சட்டம்தானே வேண்டும், நடுவில் யார் இருந்தால் என்ன!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சு முழுக்க மார்கன்டோனியோ மார்கன்டோனியோ என்றே போகிறது. தயானா மான்டுவானாவை ஒருவரும் எடுக்கவில்லை. மான்டுவாவில் பலாத்ஸோ தே என்ற அரண்மனையில் ஜூலியோ ரோமானோ ஒரு சைக்கி அறை தீட்டினார். கியூபிட்-சைக்கி திருமண விருந்து அங்கே ஒரு சுவரில் தொடங்கி மூலையில் திரும்பி அடுத்த சுவருக்குப் போகிறது. தயானாவின் தந்தை ஜொவான்னி பத்திஸ்தா அதே அரண்மனையில் ஜூலியோவின் கீழ் சுதை வேலை செய்தவர். ஆகவே வரைபடங்கள் வீட்டுப் பக்கமே புழங்கின. மகள் 1575-இல் அந்த விருந்தை மூன்று தகடுகளில் செதுக்கினாள். சேர்த்து ஒட்டினால் ஒரு மீட்டருக்கு மேல் நீளம்! மூலை திரும்பும் சுவரை நேர்க்கோடாக விரித்துவிட்டாள். அறைக்குள் நின்று கழுத்தைத் திருப்பினால்தான் பிடிபடுவதைக் கையில் விரித்துப் படிக்கலாம். அதே ஆண்டு பதின்மூன்றாம் கிரகோரி போப்பிடம் அச்சுரிமையும் வாங்கினாள். அந்தக் காலத்தில் தன் பெயரிட்டு அச்சு விற்ற பெண்கள் எத்தனை பேர்?

சுண்ணப்பூச்சு

தேன்மொழி அம்மா, மூலையை நிமிர்த்தியதைத்தான் நான் குற்றம் என்கிறேன், நீங்கள் சாதனை என்கிறீர்கள். ஜூலியோ அந்த மூலைக்காகத்தான் யோசித்தார். அந்த அரண்மனையின் பூதர்கள் அறையை நினைத்துப் பாருங்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே கோடே தெரியாதபடி பூசி, தேவர் தலைவன் ஜூபிட்டரின் இடியில் தூண்களும் பாறைகளும் நம் தலைமேல் சரிவதாகத் தீட்டியிருக்கிறார். 1680 வாக்கில் பியத்ரோ சாந்தி பார்தொலி அதை அச்சுத்தொகுதியாக்கினார். பார்தொலி தேர்ந்த கைக்காரர், சந்தேகமில்லை. ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டும்போது யார் தலைமேல் என்ன விழப்போகிறது? நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்க்கலாம்.

தேன்மொழி_வ

விழாது. ஆனால் மான்டுவாவுக்குப் போக வண்டிக்காசு இல்லாதவனுக்கு அதுவும் இல்லையே, அண்ணா. ஃபெதெரிகோ கொன்சாகா பிரபு தன் அரண்மனைக் கதவைத் திறந்தா வைத்திருந்தார்?

கதவு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜூலியோ வரைந்த ஒருதொகுதி கலவிப் படங்களை மார்கன்டோனியோ செதுக்கி விற்றார். 1524-இல் ஏழாம் கிளமென்ட் போப் அவரைச் சிறையில் போட்டார். வரைந்த ஜூலியோ மான்டுவாவுக்குப் போய்விட்டார். போன இடத்தில், அதே சைக்கி அறைச் சுவரில், ஜூபிட்டர் அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸை அணுகும் காட்சியை எதையும் மறைக்காமல் தீட்டினார். அதற்கு யாரும் மூச்சுவிடவில்லை. பிரபுவின் சுவரில் இருந்தால் புராணம், கடைத்தெருத் தாளில் ஏறினால் குற்றம். தாளுக்கு என்ன பலம் என்று போப்புக்குத் தெரிந்திருக்கிறது.

நெறியாளர்

இந்த இழை நன்றாகப் போகிறது. விலை மதிப்பீடு கேட்டு இருவர் தனியே எழுதிய பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இங்கே விலை சொல்ல வேண்டாம் என்பது பழைய விதி. மற்றபடி தொடரலாம்.

உளிச்சுவடு

அண்ணாவுக்கு இரண்டு ஊர்களைக் காட்டுகிறேன். அங்கே சுவரின் பக்கம் நின்று பேசச் சொல்லுங்கள்.

ஃபான்டென்புளோவில் யுலிசஸ் கூடம் என்று ஒன்று இருந்தது. ஏறக்குறைய 150 மீட்டர் நீளம். பிரிமாத்திச்சோ வரைந்து, நிக்கொலோ தெல்லபாத்தே தீட்டி, கிரேக்க வீரன் யுலிசஸ் ட்ராய்ப் போரிலிருந்து வீடு திரும்பிய கதை இரு பக்கச் சுவர்களிலும் 58 காட்சிகளாக ஓடியது. 1738-இல், பதினைந்தாம் லூயி மன்னர் காலத்தில், தங்கும் அறைகள் கட்ட வேண்டும் என்று அதை இடிக்கத் தொடங்கினார்கள். ஒரு பூச்சுத் துண்டுகூட மிஞ்சவில்லை. இடிப்பதற்கு நூறு ஆண்டுக்கு முன்னால், சதைப்பிடிப்பான உருவங்களுக்குப் பேர்போன ஓவியர் ரூபன்ஸிடம் பணிபுரிந்த தியோடோர் வான் துல்டன் அந்தக் கூடத்தில் நின்று வரைந்து, 58 காட்சிகளையும் அமில அரிப்புத் தகடுகளாக்கி (உளியால் வெட்டாமல் அமிலத்தால் கோட்டை அரிக்கும் முறை) 1633-இல் வெளியிட்டிருந்தார். பிரிமாத்திச்சோவின் வரைபடங்கள் சில பல நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் எந்தக் காட்சிக்குப் பின் எது வந்தது, முழுக்கதை எப்படி நகர்ந்தது என்று ஒரே மூச்சில் பார்க்க வேண்டுமானால் வான் துல்டனை விட்டால் நாதியில்லை.

இரண்டாவது ரோம். பொலிதோரோ தா கரவாஜோ வீடுகளின் முகப்பில், தெருவைப் பார்த்த சுவரில், கல்லில் செதுக்கியதுபோல் ஒற்றை நிறத்தில் புராணம் தீட்டியவர். மழையும் வெயிலும் நேரே படும் இடம். மிலேசி மாளிகை முகப்பில் நயோபி தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த கதை நீளமாக ஓடியது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் கறை படிந்த சுவர். 1591-இல் ரோமுக்கு வந்த டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் இன்னொரு முகப்பில் பொலிதோரோ தீட்டிய எட்டுத் தேவர்களை வரைந்துகொண்டு போய் 1592-இல் செதுக்கினார். பதினேழாம் நூற்றாண்டில் கலெஸ்த்ருத்சி வேறு பலவற்றை அச்சேற்றினார். இவர்கள் இல்லையென்றால் பொலிதோரோ என்ன செய்தார் என்பதில் பாதி நமக்குத் தெரியாது.

சுவர் போன பிறகு யார் அசல்?

சுண்ணப்பூச்சு

இரண்டும் எனக்குத் தெரிந்த துக்கம்தான். என் தொழிலில் இந்த அச்சுகளைத் தினமும் கையாள்கிறோம், பூச்சு உதிர்ந்த இடத்தில் என்ன இருந்தது என்று பார்ப்பதற்கு. சாட்சிக்கு வருகிறவர்களை மதிக்கிறேன். ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடக் கூடாது.

கோல்ட்சியஸின் எட்டுத் தேவர்களை எடுத்துப் பாருங்கள். தொடையிலும் முதுகிலும் அந்தத் தசை மேடுகள் யாருடையவை? அவர் ஹார்லெமில் உட்கார்ந்து தம் சொந்தக் கற்பனைக்குச் செதுக்கிய வீரர்களுக்கும் ஏறக்குறைய அதே தசைதான். கோடு தடித்து, வளைந்து, சதையைச் சுற்றிப் போய், குறுக்குக் கோட்டோடு சேர்ந்து வைரக்கட்டம் போட்டு, கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து மின்னுகிறது. பிரமாதம்! உளியால் அதற்கு மேல் ஒருவரும் போனதில்லை. ஆனால் மழை குடித்த சாம்பல்நிற முகப்பில் அந்த மினுக்கு எங்கிருந்து வரும்? அது செப்புக்கே உரியது. வான் துல்டனும் அப்படித்தான். பிரிமாத்திச்சோவின் உருவங்கள் ஒடிசலாக, கழுத்து நீண்டு நிற்பவை. ரூபன்ஸ் வீட்டுச் சோறு தின்ற கையில் அவர்களுக்கும் கொஞ்சம் உடம்பு ஏறிவிட்டது. பிரிமாத்திச்சோவின் கைவரைபடம் மிஞ்சிய காட்சிகளில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். வரைபடம் மிஞ்சாத காட்சிகளில் அந்த எடையைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் நாங்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

உளிச்சுவடு

இதில் எனக்கு மறுப்பே இல்லை. வைரக்கட்டமும் புள்ளியும் என்று எழுதியிருக்கிறீர்களே, சுவர்க்காரர் வாயில் அதைக் கேட்பது எனக்கு மகிழ்ச்சி.

தேன்மொழி_வ

அப்படியானால் வண்ண அச்சுகளை என்ன செய்வீர்கள்? ஜொவான்னி வொல்பாத்தோவும் ஒத்தாவியானியும் 1770-களில் வாடிகனின் ராஃபேல் தாழ்வாரத்தை அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி விற்றார்களே. கூரையில் விவிலியக் கதை என்றாலும் தூண்களில் முழுக்கப் பழங்கால ரோமின் வினோத உயிர்கள், அரைமனிதர்கள், கொடிகள். பார்த்தவர் கண்ணை எடுக்க முடியாது. ரஷ்யாவின் கேத்தரின் மகாராணி அந்த அச்சுகளைப் பார்த்து மயங்கி, முழுத் தாழ்வாரத்தையும் பீட்டர்ஸ்பர்க்கில் மறுபடி கட்டவே சொல்லிவிட்டாள். இன்றும் ஹெர்மிடாஜில் நிற்கிறது.

சுண்ணப்பூச்சு

இதுவரை பேசிய அச்சுகளிலேயே அதிகம் ஏமாற்றுவது அதுதான். வண்ணம் இருப்பதால் நம்பிவிடுகிறோம். வொல்பாத்தோ வரும்போது தாழ்வாரம் காற்றும் மழையும் பட்டுப் பல இடங்களில் அழிந்திருந்தது. ஓட்டையை ஓட்டையாகக் காட்டினால் யார் வாங்குவார்? தூண்களின் அடியில் சிதைந்த பகுதிகளுக்கு ராஃபேலின் திரைச்சீலைகளின் கரையிலிருந்து அலங்காரத்தை எடுத்து நிரப்பினார்கள். ஐரோப்பாவின் வரவேற்பறைகள் பல அந்த அச்சைப் பார்த்து அலங்கரிக்கப்பட்டவை. சுவரில் இல்லாத ராஃபேல் தாழ்வாரம் அது. மார்கன்டோனியோவாவது கறுப்பு வெள்ளையில் நின்று, இது தாள் என்று ஒப்புக்கொள்கிறார்.

ஆலடி

அண்ணா, மார்கன்டோனியோவுக்கு நீங்கள் சான்றிதழ் கொடுக்கும் நிலைமைக்கு வந்துவிட்டீர்கள். இழையை இத்தோடு பூட்டிவிடலாமா?

வெண்காகிதம்

பூட்டிவிடாதீர்கள், சோதனை முடிவோடு வந்திருக்கிறேன்.

லென்ஸில் புள்ளி அணிவகுப்பு இல்லை. முதுகு காட்டும் பெண்ணின் தோள்பட்டையில் பார்த்தேன். கோடுகள் தோளைச் சுற்றி வளைந்து போகின்றன, வெளிச்சம் படும் இடத்தில் மெலிந்து அறுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்குகின்றன. மேகத்தில் மட்டும் கோடு ஒரே தடிப்பாக, கொஞ்சம் நடுங்கினாற்போல் இருக்கிறது. நாலு பக்கமும் பள்ளம் இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் இணைகோடு எதுவும் இல்லை, பால் போல ஒரே சமம். வலது கீழ் மூலையில், மை இல்லாமல் வெறும் அழுத்தமாக ஒரு வட்ட முத்திரை. சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. 'கல்கோகிராஃபியா' என்ற எழுத்துகள் வரை படித்துவிட்டேன். பின்பக்கத்தில் எந்த முத்திரையும் இல்லை.

உளிச்சுவடு

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். தோளில் உளி, மேகத்தில் அமில அரிப்பு. இரண்டையும் கலந்து வேலை செய்வது டோரிஞி காலத்து வழக்கம். நடுக்கம் தெரிவது அரிப்பூசியின் கோடு.

அந்த மை இல்லாத முத்திரைதான் உங்கள் விடை. டோரிஞியின் தொகுதியை வெளியிட்டது ரோமில் தே ரோஸ்ஸி குடும்பத்தின் அச்சகம். அந்தக் குடும்பத்தின் தகட்டுக் கிடங்கு வெளிநாட்டுக்கு விலைபோகும் நிலை வந்தபோது, பன்னிரண்டாம் கிளமென்ட் போப் 1738-இல் மொத்தமாக வாங்கி ஒரு அரசு அச்சகம் ஆக்கினார். அதுதான் கல்கோகிராஃபியா. அதன் தகடுகள் இன்றும் ரோமில் பத்திரமாக இருக்கின்றன. பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளிலும் பழைய தகடுகளுக்கு மை தடவி, புதுத் தாளில் இழுத்து, மை இல்லாத முத்திரை குத்தி விற்றார்கள். உங்கள் தாள் அப்படி வந்தது. தகடு டோரிஞி தொட்டது, தாளும் மையும் பிற்காலத்தவை. விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. தோழரின் ஜெராக்ஸுக்கு அந்தப் பாதியும் இல்லை.

பல தடவை அழுத்து இயந்திரத்துக்குள் போய் வந்த தகடு என்பதால் மெல்லிய கோடுகள் தேய்ந்திருக்கும். நீங்கள் தோளில் கண்ட அறுந்த கோடுகளில் சில டோரிஞி வேண்டுமென்றே நிறுத்தியவை, சில தேய்மானம். 1693 அச்சு ஒன்றைப் பெரிய நூலகம் எதிலாவது கேட்டு வாங்கி, அதே தோளைப் பாருங்கள். எது எது என்று பிரித்துவிடலாம்.

சுண்ணப்பூச்சு

வெண்காகிதம், ரோம் உங்களுக்கு ரயில் தூரம்தானே. நூலகத்துக்குப் போவதற்கு முன் டிபர் ஆற்றுக்கு அக்கரை, லுங்காரா தெருவுக்குப் போங்கள். ஃபார்னெசினாவை இப்போது வைத்திருப்பது லிஞ்செய் அறிஞர் கழகம். உங்கள் முக்கோணத்தை மேலே கண்டுபிடியுங்கள். பின்னணியில் நீலத்தைப் பாருங்கள், இரண்டு பக்கத்துத் தோரணத்தைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் முதுகு தரையில் நிற்பவனுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்டு வளைத்திருப்பது அங்கேதான் விளங்கும். தாளைப் பையில் எடுத்துக்கொண்டே போங்கள், பொருத்திப் பார்க்கலாம்.

வெண்காகிதம்

அண்ணா, அச்சைப் பிடிக்காதவர் அச்சையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறீர்கள்!

சுண்ணப்பூச்சு

சாட்சியைச் சம்பவ இடத்துக்கு அழைத்துப் போவது வழக்கம்தான்.

உளிச்சுவடு

பையில் சுருட்டி எடுத்துப் போக வேண்டாம், தட்டையான அட்டைக்கு நடுவில் வையுங்கள். சட்டம் போடும்போது கடைக்காரர் அழகுக்காக ஓரத்தை வெட்டலாமா என்று கேட்பார். பள்ளத்துக்கு வெளியே உள்ள ஓரத்தையும் முத்திரையையும் தொட விடாதீர்கள், அதுதான் அந்தத் தாளின் பிறப்புச் சான்று. பசை வேண்டாம். அமிலம் இல்லாத அட்டை கேளுங்கள். கண்ணாடி படத்தின் மேல் ஒட்டி உட்காராமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். நேர் வெயில் படும் சுவரைத் தவிர எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம்.

ஆலடி

மக்காச்சோளம் எந்த வளைவில் இருக்கிறது என்று யாராவது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் கழுத்து வலிக்கத் தேட வேண்டாம்.